சன்னலுக்கு வந்த களவா

எங்கே முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கடலடியில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலுக்குள் ஒரு களவா மீன் குடியிருந்தாள். ஒருநாள் கரைக்காரர்கள் கப்பலுக்கு நேர்மேலே மஞ்சள் மிதவை ஒன்றைக் கட்டினார்கள். அன்றிலிருந்து அங்கே வலை விழவில்லை. கண்ணாடி மாட்டிய விருந்தாளிகள் மட்டும் முங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சும்மா பார்க்கவா இவ்வளவு தூரம் வருவாங்க? நான் கொழுக்கட்டும்னு காத்திருக்காங்க" என்று களவா இருட்டறைக்குள் பதுங்கினாள்.

பக்கத்து அறை நண்டு சிரித்தது. "அக்கா, கரைக்காரங்க வலையை விட்டுட்டு இப்ப உன்னைக் காட்டித்தான் பிழைக்கிறாங்க. நீ பதுங்கினா ஆள் வராது. ஆள் வராட்டி மிதவையை அவுத்துட்டுப் பழையபடி வலையைப் போடுவாங்க."

"இதைச் சொல்ல உனக்கு என்ன கொடுத்தாங்க?"

"அடப்போக்கா! வலை வந்தா நானும்தானே சாவேன்!"

அன்று முழுக்கக் களவாவுக்கு இரை இறங்கவில்லை. அடுத்த படகுச் சத்தம் கேட்டதும் கப்பல் சன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, உடம்பு முழுவதையும் விருந்தாளிகளுக்குக் காட்டினாள். மூக்கை மட்டும், வலை வந்தால் நழுவி ஓட வசதியாக, அறையின் பின்பக்க ஓட்டைக்கு நேராக வைத்துக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறாள்.