வால் ராணி

"இன்னிக்கும் வால்தான் விழுந்துச்சுன்னா இந்தக் காமிராவையே வித்துடறேன். சத்தியம்!"

நைவாஷா ஏரியில் படகேறும்போது மும்பி இப்படிச் சொன்னதும், புகைப்படக் கழகத்து ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ரோஜாப் பண்ணையில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு தவறாமல் மீன்கழுகைப் படம் எடுக்க வந்துவிடுவாள். கழுகு பாயும் நேரத்தில்தான் லென்ஸைத் திருகிக்கொண்டிருப்பாள். படத்தில் மிஞ்சுவது வால் மட்டும். இரண்டு வருஷமாக இதே கதை. 'வால் ராணி' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

"எதுக்கு வெளியில விக்கணும்? என்கிட்டயே குடுத்துடு. பாதி விலை தர்றேன்" என்றார் கழகத் தலைவர் ஒசோரோ. தொந்தி குலுங்க, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் அவர்தான்.

மும்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மட்டும் என்ன பெரிய ஆளா? தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று மனைவி பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காமிரா மூக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறவர். படம் எடுக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" தலைவர் குரலை உயர்த்தினார். "இது போட்டி. பறவை தானா வரணும். டூரிஸ்டுக்கு வீசற மாதிரி எவனாச்சும் மீனை வீசினீங்க, தொலைச்சுப்புடுவேன்!"

படகுகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. தலைவருடையது மட்டும் மும்பியின் பின்னாலேயே வந்தது. காமிராவுக்குக் காவல் வருகிறார் போல என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

முதல் கழுகு வால். இரண்டாவது கழுகும் வால். மூன்றாவது, வெறும் வானம்.

"அக்கா, ரெடியா இருங்க! வருது, நேரா வருது!" படகுக்காரன் கரன்ஜா பின்பக்கம் கைகாட்டிக் கத்தினான்.

மும்பி திரும்பி, காமிராவில் கண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். வெள்ளைத் தலை, விரிந்த இறக்கை, தண்ணீரைக் கிழித்த கால் நகம், அதில் ஒரு மீன். விரலை எடுக்கவே இல்லை.

பார்த்தாள். படத்தில் தலை இருந்தது!

"தலை! கரன்ஜா, தலை விழுந்துருச்சு!" படகில் குதியோ குதியென்று குதித்தாள்.

"ஐயோ அக்கா, உக்காருங்க! அடுத்து நாம விழுவோம். கீழ நீர்யானை இருக்கு!"

கரையில் டீக்கடை டிவியில் லேப்டாப்பைச் செருகிப் படங்களைப் போட்டார்கள். மும்பியின் படம் வந்ததும் ஒரே விசில். யாரோ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் நலியாகா. போன வருஷம் கோப்பையை வாங்கியவள். "மீன் வாயில பச்சையா ஏதோ இருக்கே?"

"ஏதாச்சும் பாசியா இருக்கும். அடுத்த படத்தைப் போடும்மா" என்றார் தலைவர் அவசரமாக.

நலியாகா விடுவாளா? மௌஸைப் பிடித்துப் படத்தைப் பெரிதாக்கினாள். மீன் வாயில் கோரைத்தண்டு. செத்த மீன் முங்கிவிடாமல் மிதக்க, படகுக்காரர்கள் செருகி வீசுகிற அதே தண்டு.

"கோரையை மென்னுக்கிட்டே நீஞ்சற மீனை இன்னிக்குத்தான் பாக்கறேன்!" என்றாள் நலியாகா. கடை அதிர்ந்தது.

"எங்கம்மா சத்தியமா நான் வீசல! கரன்ஜாவைக் கேளுங்க!"

கரன்ஜா தலைவரைப் பார்த்தான். பிறகு தட்டிலிருந்த மண்டாஸிப் பணியாரம் ஒன்றை முழுசாக வாயில் திணித்துக்கொண்டான். இனி அவனால் எங்கே பேச முடியும்?

மும்பிக்கு அழுகை முட்டியது. வால் ராணி என்றபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. திருடி என்று ஆக்கிவிட்டார்களே!

"விடுங்கப்பா" என்றார் தலைவர். "போட்டியில சேர்க்க வேணாம். ஆனா தலை விழுந்திருக்குல்ல? அது போதும்."

"எதுக்கு இப்படிப் பதறுறீங்க?" நலியாகாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படத்தை மெல்ல நகர்த்தினாள். கழுகின் இறக்கைக்குப் பின்னால் இன்னொரு படகு. அதில் ஒரு ஆள், எதையோ வீசிய கையை இன்னும் மடக்காமல் நிற்கிறார்.

அந்தத் தொந்தியை யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"தலைவரே!"

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"கழுகு இவருக்கே அல்வா குடுத்துட்டு மும்பி பக்கம் போயிருக்குடா!"

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பதவியை விட்டு இறங்கச் சொன்னார்கள். தலைவர் டீக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

மும்பிக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க படம் எடுக்க மீனை வீசிட்டு, நான் திருடிப் பட்டம் வாங்கறேனா? என் காமிராவைப் பாதி விலைக்குக் கேட்டவர்தானே! இருங்க, உங்க திருட்டு முழிய எல்லாரும் பாக்கட்டும்!"

மௌஸைப் பிடுங்கிப் படத்தை இன்னும் இன்னும் பெரிதாக்கினாள்.

சட்டென்று அவள் கை நின்றது.

படத்தில் ஒசோரோ கழுகைப் பார்க்கவே இல்லை. வாயெல்லாம் பல்லாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய காமிராவின் மூக்கில், சிவப்புத் தொப்பி கழற்றாமல் அப்படியே இருந்தது.