சோப்பு சொன்ன சாட்சி

திருடியைப் பிடிக்கப் போலீஸ் எதற்கு, ஒரு துண்டு சோப்பு போதும் என்று முடிவு கட்டிவிட்டாள் குல்சார் பேகம்.

மண்ணரைப் பகுதியில் அவள் குடியிருந்த லைன் வீட்டில் போர் தண்ணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கிற நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் பெரிது. போன தடவை அது வந்தபோது குல்சார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணவர் கியாசுதீனுக்குச் சிறுநீரகக் கல் எடுத்திருந்தார்கள். அரக்கப் பரக்க ஓடிவந்து அவள் பிடித்து வாசல் டிரம்மில் ஊற்றியது ரெண்டே குடம்.

"நல்ல தண்ணியா நிறையக் குடிக்கோணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். கியாசுதீனும் சொம்பு சொம்பாகக் குடித்தார். டிரம்மில் தண்ணி குறைய வேண்டுமே? குறையவே இல்லை.

அங்கேதான் குல்சாருக்குப் பொறி தட்டியது. போதாக்குறைக்கு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷாஹிதா வேறு சொன்னாள்.

"அம்மா, பக்கத்து ஊட்டு சித்ரகலா அக்கா நம்ம டிரம்மை மூடிட்டுப் போனாங்க. கையில குடம் இருந்துச்சுங்க."

சித்ரகலாவுக்குப் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். குல்சார் வேலைக்குப் போயிருக்கிற பகலெல்லாம் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

"கேட்டீங்களா? நல்ல தண்ணியை மோந்துக்கிட்டு, தெரியாம இருக்கப் போர் தண்ணியை ஊத்தி வெக்கறா. உங்க உடம்பு என்னாகறது?" குல்சாருக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"விடு புள்ள. குடிக்கற எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் கியாசுதீன்.

"கொஞ்சமாக் கலந்தா நாக்குக்குத் தெரியாதுங்க. சோப்புக்குத் தெரியும்."

இந்தப் பாடம் அவளுக்கு மகள் எடுத்தது. வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில். சமையல் மேடையில் ரெண்டு பாட்டிலை வைத்து, ஒன்றில் நல்ல தண்ணி, ஒன்றில் போர் தண்ணி ஊற்றினாள் ஷாஹிதா. சோப்பைச் சீவிப் போட்டு அம்மாவும் மகளும் ஆளுக்கொன்றாகக் குலுக்கினார்கள். மகள் கையில் இருந்த நல்ல தண்ணி கழுத்து வரை நுரைத்தது. அம்மா கை வலிக்கக் குலுக்கியும் போர் தண்ணி திரிந்த பால் மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. மொத்தக் குடித்தனமும் குழாயடியில் துணி துவைக்கிற நேரம். குல்சார் துவைக்கிற கல்லின் மேல் மூன்று பாட்டிலை வரிசையாக வைத்தாள். ஒன்று போர் தண்ணி. ஒன்று தன் டிரம் தண்ணி. மூன்றாவது, சித்ரகலா வீட்டில் ஷாஹிதா மோந்துவந்தது. குழந்தை நுழையாத வீடு உண்டா? எடுத்தவள் வீட்டில் நல்ல தண்ணி, பறிகொடுத்தவள் வீட்டில் கலப்படம் என்று ஊரே பார்க்கட்டும்.

"எல்லாரும் வாங்க. என்ர புள்ள ஒரு சோதனை செய்யுது."

போர் தண்ணியில் நுரை வரவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

அடுத்து டிரம் தண்ணி. ஷாஹிதா குலுக்கக் குலுக்க, நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு கையில் வழிந்தது.

"அடேங்கப்பா, என்ன நுரை! சுத்தமான தண்ணியல்லோ!" என்றாள் எதிர்வீட்டு ஜானகியம்மாள்.

குல்சாருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் பிடித்த பிடியை விடுகிற ஆளா அவள்?

"அப்புறம் எதுக்கு சித்ரா, நான் இல்லாதப்ப என்ர டிரம்மைத் திறந்தே?"

சித்ரகலா துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அவள் பார்வை மூன்றாவது பாட்டிலில் நின்றது.

"அது ஏது கண்ணு?"

"உங்க ஊட்டுத் தண்ணிதானுங்கக்கா."

"அது வேண்டாம் கண்ணு. கொட்டிரு." பதறிக்கொண்டு கையை நீட்டினாள்.

"எதுக்குக் கொட்டோணும்?" குல்சார் குறுக்கே வந்து நின்றாள். "மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சே ஆகோணும். நீ குலுக்கு கண்ணு."

ஷாஹிதா குலுக்கினாள். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோப்பைப் போட்டுக் குலுக்கினாள். திரிதிரியாக அழுக்குதான் மிதந்தது.

"அம்மா, இது உப்புத் தண்ணிங்க."

"குளிக்கற பக்கெட்டுல மோந்தியா?"

"இல்லீங்கம்மா. மேல டம்ளர் கவுத்து வெச்சிருந்தாங்களே, அந்தக் குடத்துலதான் எடுத்தேன்."

குறுக்கே நின்ற குல்சார் தானாக விலகி வழிவிட்டாள்.

சித்ரகலா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"கேட்டா வேண்டாம்பீங்க. அதான் நீங்க வேலைக்குப் போனப்புறம் ஊத்துனனுங்கக்கா. எங்களுக்கு என்னங்க, உப்பு பழகிருச்சு. அண்ணன் உடம்பு தேறோணுமில்லீங்க?"