மகன் பேசினான்

"எனக்கு அப்பன்னு ஒருத்தர் எப்பவோ செத்துட்டாரு. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க."

துபாயில் இருந்த சுயம்பு பட்டென்று போனைத் துண்டித்துவிட்டான்.

பேச்சிராஜா மும்பை தாராவிச் சந்தில் நின்றபடி கையிலிருந்த போனையே பார்த்தார். உள்ளே, பத்துக்குப் பத்து அறையில், சுயம்புவின் அப்பா கோமதிநாயகம் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள்.

இறுதிச் சடங்குக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுப்பது பேச்சிராஜாவுக்கு அப்பா காலத்துத் தொழில். பாடை கட்டுவதிலிருந்து சயான் சுடுகாட்டில் சொல்லிவைப்பதுவரை அவர் பொறுப்பு. சாவு வீட்டில் முதலில் தேடுவது அவரைத்தான். விசேஷ வீட்டுக்கு யாரும் கூப்பிட்டதில்லை. எத்தனையோ சண்டைகளைப் பார்த்தவர்தான். ஆனால் இப்படி ஒரு பதிலை எந்த வாயால் ஒரு தாயிடம் சொல்வது?

"மவன் என்ன சொன்னான், பேச்சி?" பக்கத்துத் தோல் பட்டறை ஜெயினுலாப்தீன் பாய் கேட்டார்.

"லைன் கெடைக்கல பாய்."

"கெடைச்சா மட்டும் வந்து கிழிச்சிருவானா? கல்யாணப் பேச்சுல அப்பனோட சண்ட போட்டுட்டுப் போனவன். செத்த முகத்தப் பாக்கக்கூட வராதவன் ஒரு மனுசனா?"

பாயின் குரல் உள்ளேயும் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். முப்பிடாதியம்மாள் நிமிரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை.

பேச்சிராஜா சந்து முனைக்குப் போய், நவி மும்பை கோபர்கைரனேயில் உள்ள ஆபீசில் இருந்த தன் மகன் நிகிலைக் கூப்பிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் பதறினான். "க்யா பாத் கர்தே ஹோ, என்ன பேச்சு பேசுதீங்க அப்பா? நான் அந்த அண்ணன் மாதிரி பேசணுமா? சாவு வீட்டுல ஏமாத்தச் சொல்லுதீங்களே!"

"ஒரு நிமிசம் பேசுனா போதும்லே. முப்பிடாதி அக்கா அழக்கூட மாட்டேங்கா. கல்லு மாரி இருக்கா. பயமா இருக்கு."

"கண்டுபிடிச்சிட்டாங்கன்னா?"

"அழுகையில எல்லாக் குரலும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"டீக் ஹை, பேசுதேன்" என்றான் நிகில்.

பேச்சிராஜா போனோடு உள்ளே போனார்.

"அக்கா, லைன் கெடைச்சிட்டு. சுயம்பு பேசுதான்."

முப்பிடாதியம்மாள் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்குக் காது சரியாக் கேக்காது, தம்பி. சத்தமா வையி."

வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா..." என்று ஆரம்பித்த நிகிலுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. தேம்பல்தான் வந்தது. அது நடிப்பில்லை என்று பேச்சிராஜாவுக்குத் தெரிந்தது. "அம்மா... என்னால வர முடியலம்மா. அப்பா முகத்தப் பாக்க முடியலம்மா. மாஃப் பண்ணிருங்கம்மா, மன்னிச்சிருங்க."

கல்லாக இருந்தவள் உடைந்தாள்.

"அழாதய்யா, எஞ் சாமி, அழாத. ஒங்கப்பா கடைசிவரைக்கும் ஒன்னத்தான் கேட்டாரு. ஒம்மேல ஒரு கோவமும் கெடையாது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஒடம்பப் பாத்துக்க."

வாசலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "என்ன இருந்தாலும் பெத்த புள்ளைல்லா" என்றாள் ஒருத்தி. ஜெயினுலாப்தீன் பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். சுடுகாட்டில், மகன் இருக்க வேண்டிய இடத்தில் பேச்சிராஜாவே நின்று கொள்ளி வைத்தார்.

சாயங்காலம், மனைவி கீதா கொடுத்தனுப்பிய ரசம் சோற்றோடு அந்த வீட்டுக்கு மறுபடி போனார். காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தனியாகிப் போனவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது அவர் குடும்பத்து வழக்கம்.

கோமதிநாயகத்தைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. முப்பிடாதியம்மாள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், இன்னொருவருக்கு இடம் விட்டதைப் போல. காலையில் நிற்க இடமில்லாத அறை இப்போது அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தது.

அவள் நாலு வாய் சாப்பிடும்வரை பேச்சிராஜா பொறுத்திருந்தார்.

"அக்கா, காலையில அந்தப் போன்ல..."

"ஒம் மவந்தானே?"

பேச்சிராஜா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா. சுயம்பு லைன்ல கெடைக்கவே இல்ல. நீங்க மனசு ஒடஞ்சிருவீங்களேன்னு..."

"கெடச்சிருப்பான், தம்பி. நீ போடுததுக்கு முன்னாலயே நான் போட்டுப் பாத்தேன். அப்பன் எப்பவோ செத்துட்டாருன்னு சொல்லிட்டு வச்சிட்டான்."

பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் தெரிஞ்சும், எம் பையன்கிட்ட எதுக்குக்கா அப்படிப் பேசுனீங்க?"

முப்பிடாதியம்மாள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"வாசல்ல நின்னு அவன அந்த ஏச்சு ஏசுனாவல்லா, தம்பி? இனிமே எம் மவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."