நிற்காத வாட்ச்

தேவசகாயத்தின் ஆட்டோமேட்டிக் வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. கட்டியிருக்கும் கை அசைந்தால் போதும். வாலிபால் மைதானத்தில் அந்த இடது கை பந்தை உயரே எறிந்த காலமெல்லாம் அது நின்றதே இல்லை. வாதம் வந்து கை விழுந்த பிறகும் நிற்கவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டக் கழற்றும் வாட்சை மனைவி எமில்டா அவர் காணாமல் தன் கையில் ஏற்றிக்கொள்வாள். தேங்காய் துருவி, வெயிலில் துணி உலர்த்தி, மதியம் அவர் தூங்கும்போது திரும்பக் கட்டிவிடுவாள். விழித்ததும் அவர் இடது கையை வலது கையால் தூக்கிக் காதில் வைத்துக் கேட்பார்.

“ஓடுது, பாத்தியா. கை அசையுது. கிறிஸ்மஸ் மேட்சுக்கு சர்வீஸ் போட்டுருவேன்.”

“போடாம பின்ன?” என்பாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ரீகன் ஒரு கண்ணாடிப் பெட்டியை மேசையில் வைத்து, வாட்சை அதற்குள் மாட்டினான். அது மெதுவாகச் சுழன்றது.

“இனி கை அசையாட்டியும் நிக்காதுப்பா.”

எமில்டா சேலைத் தலைப்பை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். வாட்ச் பட்டை இருந்த இடம் மட்டும் அங்கே வெளுத்திருந்தது.

தேவசகாயம் வலது கையால் வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு மக்ளே, நீ வச்சுக்க” என்றார். “இது உங்கம்மை கையிலயே நல்லா ஓடுது.”