நாலாவது குழி

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன்.

அறுபது வயதில் மறுமணம் செய்யத் துணிந்த சௌந்தரம், அம்மைத் தழும்புக் கன்னத்தோடு மாலை மாற்றக் கூசி, தழும்பு போக்கும் நுண்ணூசி நிலையத்துக்குப் போனாள். ஊசிகள் பொட்டுப்பொட்டாகக் குத்தின. தோல் தானே வளர்ந்து குழிகளைத் தூர்த்துவிட்டது. கன்னம் பஞ்சு இட்லியானது.

திருமணப் பதிவு அலுவலகத்து இயந்திரமோ, "அங்க அடையாளமான தழும்புகள் இல்லை. இவர் மணமகள் அல்லர்" என்று திருப்பி அனுப்பிவிட்டது.

"கிழவிக்கு மினுக்கு கேக்குதோ? நல்லா வேணும்டி சௌந்தரம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே நிலையத்துக்குப் போய்க் குழி போடச் சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய படத்தைப் பார்த்து மூன்று போட்டுக் கொடுத்தார்கள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

கையெழுத்துப் போடப்போன மாப்பிள்ளை இருளப்பன், பேனாவை நிறுத்தி அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தார். சௌந்தரம் முந்தானையைக் கன்னத்துக்கு இழுத்தாள்.

"என்னங்க?"

"காதோரம் குட்டியா ஒண்ணு இருக்குமே, அதை ஏன் புள்ள விட்டுட்டாங்க?"

"அடக் கடவுளே! அதைத்தானே ஊரு கண்ணுலயும் படத்துலயும் படாம முந்தானையில மறைச்சு வச்சிருந்தேன்!"

உங்கள் வீட்டிலும், குழிகளை எண்ணி வைத்திருக்கிற கண்கள் நூறாண்டு வாழட்டும்.