குடும்பத் தலைவரின் பெயர்

தண்டாயுதம் இல்லை.

மறுபடியும் பெயரைக் கணினியில் தட்டினார். ஒரு எழுத்தைக் கூட்டிப் பார்த்தார். ஒரு எழுத்தைக் குறைத்துப் பார்த்தார்.

இல்லை.

அந்த ரப்பர் தோட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் எழுபத்தைந்து வருஷம் பூட்டிக் கிடந்தவை. இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் ஆவணக் காப்பகம் அவற்றைத் திறந்துவிட்டது. அவர் எட்டு மணிக்கே வாசலில் நின்றார். கூட மனைவி அமராவதி, பிளாஸ்க், ரொட்டிப் பொட்டலம்.

குடும்பத் தலைவர் பெயரைப் போட்டுத் தேட வேண்டுமாம். அப்பா பெயர் தண்டாயுதம். பத்து வயதிலிருந்து அந்தத் தோட்டத்து மரங்களில் பால் வெட்டியவர். அப்படி ஒரு ஆள் இருந்ததாகவே கணினிக்குத் தெரியவில்லை.

சரி, தெரியாவிட்டால் போகிறது.

மொத்தத் தாளையும் கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு. பணியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பார்க்கட்டும்.

இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே தலை நரைத்து, எழுபத்தாறு வயதில் இன்னும் கையில் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு என்றால் குடிமகன் இல்லை. அமராவதிக்கு நீலம். பிள்ளைகளுக்கு நீலம். தேர்தல் அன்று எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள்ளே போய் ஓட்டுப் போடுவார்கள். அவர் கேட்டுக்கு வெளியே அவர்கள் குடைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குடியுரிமைக்கு ஐந்து தடவை விண்ணப்பம் போட்டாயிற்று. ஐந்து தடவையும் ஒரே பதில். இங்கே பிறந்ததற்குச் சான்று இல்லை.

பின்னே எங்கே பிறந்தாராம்? வானத்திலிருந்து குதித்தாரா?

பதினோரு மணிக்கு முதல் லயம் முடிந்தது. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள். ஒரு லயத்தில் இருபது அறை. ஒரு அறைக்கு ஒரு குடும்பம்.

பன்னிரண்டரைக்கு இரண்டாவது லயம். கண்ணில் நீர் வடிந்தது. அமராவதி சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பாமலே கையை ஆட்டினார்.

மூன்றாவது லயம். நாலாவது அறை. அங்கேதான் நீ பிறந்தாய் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

குடும்பத் தலைவர்: பழனி.

யாருடா இவன்?

கீழே பார்த்தார். மனைவி, பவளாயி. அம்மா! மகள், ராக்காயி, நாலு வயது. காய்ச்சலில் போன அக்கா. அடுத்து, மகன்.

அவரேதான்.

வயது, பதினோரு மாதம். பிறந்த இடம், இதே தோட்டம்.

இதே தோட்டம். நாலு தடவை படித்தார்.

அப்புறம் அந்தப் பழனி யார் என்று புரிந்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா அடிக்கடி சொல்வாள். கணக்கெடுக்க வந்த பையன் புருஷன் பெயரைக் கேட்டானாம். அப்பா பால் வெட்டப் போயிருந்தார். புருஷன் பெயரை அம்மாவாவது வாயால் சொல்வதாவது! சுவரில் இருந்த சாமி படத்தைக் காட்டினாளாம். கோவணம் கட்டி, கையில் தண்டம் பிடித்து நிற்கிற முருகன். தண்டாயுதபாணி. பையனும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டு போனானாம். கெட்டிக்காரன், பட்டென்று புரிந்துகொண்டான் என்பாள்.

நன்றாகப் புரிந்துகொண்டான். பழனி ஆண்டவர் என்று.

அம்மா, அம்மா. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குப் பதிவு அலுவலகம் போய்ச் சேர்ந்தார். நாளைக்குப் போகலாமே என்றாள் அமராவதி. நாளையாவது ஒன்றாவது.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். நகலைப் பார்த்தாள். அவருடைய மற்றக் காகிதங்களைப் பார்த்தாள். அப்பா பெயர் இடிக்கிறதே என்றாள்.

ஆறாவது தடவையும் திரும்பிப் போவதாக இல்லை அவர். சாமி படம், கோவணம், தண்டம், ஒன்று விடாமல் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள்.

ஒரு வழி இருந்தது. பெயர் தவறாகப் பதிவானதற்கு ஓர் உறுதிமொழி. அதற்கு நீல அட்டை உள்ள ஒரு சாட்சி. இவர் இன்னார், இன்னார் மகன் என்று சாட்சி தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அமராவதி நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இவர் பேரும் இவங்க அப்பா பேரும் சொல்லுங்கம்மா."

அமராவதி அவரைப் பார்த்தாள்.

நாற்பத்தொன்பது வருஷக் குடித்தனம். என்னங்க, இந்தாங்க, பெரியவனோட அப்பா. அதற்கு மேல் போனதில்லை. மாமனார் பெயரைக் கேட்கவே வேண்டாம். கோயிலில் அந்தச் சாமியையே மாமா சாமி என்றுதான் கும்பிடுவாள்.

அவர் வாயெடுத்தார். அந்தப் பெண் கையைக் காட்டித் தடுத்தாள். சாட்சிக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

அமராவதியின் விரல் அவர் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. மடங்கி மடிக்கு வந்தது.

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"வீரபத்திரன்" என்றாள். "தண்டாயுதம் மகன் வீரபத்திரன்."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள். அமராவதி மேசை மேல் குனிந்தாள். பேனாவை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் சத்தமாக, மறுபடியும் சொன்னாள்.