சிவப்பு ஜீப்

சொந்த ஜீப் இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தார் சத்துர்னினோ. உயுனி உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டியே தலை நரைத்தவர். இப்போது மகள் நெய்தாவின் போனில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். வெள்ளை வெளியில், சிவப்பு ஜீப்பின் பக்கத்தில் கைகட்டி நின்றான் வில்பர். நேரில், அவளைப் பெண் கேட்டு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"கடன்ல வாங்குனதா?"

"ரொக்கம், மாமா."

"அதுக்குள்ள மாமாவா? சரி, பூசை போட்டாச்சா?"

"பூசாரி சாராயம் தெளிச்சு, புகை காட்டித்தான் குடுத்தாரு."

"பெட்ரோல் ரொம்பக் குடிக்குமோ?"

"சொட்டுக்கூடக் குடிக்காது."

"பலே! நாளைக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு உப்புவெளி, மேட்டுப் பாலைவனம்னு நாலு நாள் சுத்தணும். என் வண்டி படுத்துக்கிச்சு. உன்னதைக் கொண்டா."

வில்பருக்கு வேர்த்தது. "அது... ரொம்பத் தூரத்துல..."

"என்ன தூரம்? சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கே, அதை எடு."

வேறு வழியில்லாமல் எடுத்து மேசைமேல் வைத்தான். ஆசைப்படும் பொருளையெல்லாம் குட்டி உருவமாக விற்கும் அலசீட்டாஸ் சந்தையில் வாங்கிய, உள்ளங்கை அளவு சிவப்புப் பொம்மை ஜீப்.

"பொம்மையைக் கேமராவுக்குக் கிட்ட வெச்சு, ஆளைத் தள்ளி நிறுத்தி எடுக்குற படம். தினம் ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்குறவன்கிட்டயே காட்டுறியா?"

"பூசை போட்ட பொம்மை வருஷத்துக்குள்ள நிஜமா வந்துடும்ப்பா! நீங்கதானே சொல்வீங்க?" என்று குறுக்கே பாய்ந்தாள் நெய்தா.

"சொல்வேன். ஆனா இந்தப் படம் எடுக்க ஒரு ஆள் உப்புல குப்புறப் படுக்கணுமே. படுத்தது யாரு?"

வில்பரின் கண் தன்னையறியாமல் நெய்தாவிடம் போனது. அவள் ஸ்வெட்டர் முழங்கையில் ஒட்டியிருந்த உப்பை அவசரமாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.